கையில் வராதது கருத்தில் வருமா?

(‘வளரும் பிள்ளைக்கு வேண்டியது புத்தகப் படிப்பா, செய்து பார்க்கும் படிப்பா?’ என்ற பட்டிமன்றத்தில், ‘செய்து பார்க்கும் படிப்பே’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசிய ஆசிரியையின் உரை)

நடுநிலை தவறாத நடுவர் அவர்களே! என் அணித் தலைவர் அவர்களே! எதிரணியிலே கையைக் கட்டிக்கொண்டு ரொம்ப அடக்கமாக உட்கார்ந்திருக்கிற அன்புச் சகோதர சகோதரிகளே! அரங்கம் நிறைய வந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே! வீட்டிலே தொலைக்காட்சிக்கு முன்னால் மடியிலே முறுக்குத் தட்டோடு உட்கார்ந்திருக்கிற குடும்பத்தாரே!

எதிரணி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதுன்னு நான் சும்மா சொல்லலை, நடுவர் அவர்களே. நீங்களே பாருங்க, மூணு பேரும் அப்படித்தான் இருக்காங்க. (சிரிப்பு) அது அவங்க குற்றம் இல்லை. ஒண்ணாம் வகுப்பிலே பழக்கிவிட்டது. நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்திலே முதல் பாடம் ‘அ’னா இல்லைங்க. ‘கையைக் கட்டு, வாயைப் பொத்து’ என்பதுதான் முதல் பாடம். கையையும் கட்டியாச்சு, வாயையும் பொத்தியாச்சு. மிச்சம் இருக்கிறது ரெண்டு காது. எட்டு வருஷப் படிப்பும் அந்த ரெண்டு ஓட்டை வழியாத்தான் உள்ளே போகணும். ஒரு காதிலே போய் இன்னொரு காதிலே வெளியே வருதுன்னா பிள்ளை என்னங்க செய்யும்? (கைதட்டல்)

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு எங்க அணித் தலைவர் ரெண்டு தடவை சொல்லிட்டார். அதனாலே அந்தச் சுரைக்காயை நான் தொடப்போறதில்லை. (சிரிப்பு) நேரே விஷயத்துக்கு வந்துடறேன்.

எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் ஐயா என்ன சொன்னார்? ‘செய்து பார்க்கிறதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்குச் சரி. களிமண் உருட்டட்டும், மணலிலே எழுதட்டும். ஆறாம் வகுப்பு வந்தாச்சுன்னா விளையாட்டை மூட்டை கட்டி வச்சிட்டுப் புத்தகத்தைப் பிடிக்கணும்’ என்றார். ஐயா மேலே எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனா ஐயா கல்லூரியிலே பாடம் நடத்துகிறவர். பன்னிரண்டு வயசுப் பிள்ளைகள் நாற்பது பேர் இருக்கிற அறையிலே மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் வருகிற முதல் பீரியடை அவர் பார்த்ததில்லை. நான் பத்தொன்பது வருஷமா அந்த அறையிலேதான் இருக்கேன்.

பதினொண்ணு வயசிலேருந்து பதினாலு வயசு வரைக்கும் அது ஒரு தனிப் பிறவிங்க. பிறந்த குழந்தை முதல் ரெண்டு வருஷத்திலே வளருதே, அதுக்கு அப்புறம் உடம்பு அவ்வளவு வேகமாக வளருவது இந்த வயசிலேதான். போன வருஷச் சட்டை இந்த வருஷம் முழங்கையிலே நிக்கும். குரல் உடையும். மீசை இன்னும் வரலை, ஆனா வந்துட்டதான்னு பார்க்க நாளைக்கு நாலு தடவை கண்ணாடி முன்னாலே நிற்பான். (சிரிப்பு) பெண்பிள்ளைக்கு வேற கவலை, வேற கூச்சம். ஒரு விஷயத்தை நிதானிச்சு, திட்டம் போட்டு, அடக்கி நடத்துகிறதே மூளையின் முன்பக்கம், அது முழுசா முதிர இருபத்தைந்து வயசு வரைக்கும்கூட ஆகும்னு மருத்துவர்கள் சொல்றாங்க. அந்தப் பிள்ளையைப் பிடிச்சு நாம என்ன செய்யறோம்? காலையிலே எட்டு மணிக்கு உட்கார வைக்கிறோம். சாயந்தரம் டியூஷனிலே மறுபடி உட்கார வைக்கிறோம். ராத்திரி வீட்டுப்பாடத்துக்கு உட்கார வைக்கிறோம். கோழியைக்கூட இத்தனை நேரம் அடை காக்க வச்சா குஞ்சு பொரிச்சுடும். நம்ம பிள்ளை என்ன பொரிக்கிறான்? (சிரிப்பு, கைதட்டல்)

அதே பிள்ளை வீட்டிலே ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யறான்னு தாய்மார்களைக் கேட்கிறேன். நல்லா ஓடிக்கிட்டிருந்த ஃபேன் ரெகுலேட்டரைக் கழட்டி வச்சிருப்பான். ரெண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பான். சாப்பிடக் கூப்பிட்டால் காது கேட்காது. மாட்டும்போது ஒரு திருகாணி மிச்சம் இருக்கும், அது வேற விஷயம். (சிரிப்பு) ‘உட்கார மாட்டேங்கிறான், கவனம் இல்லை’ன்னு ரிப்போர்ட் கார்டிலே நாம எழுதறோமே, அந்தப் பிள்ளைதாங்க இது. கைக்கு வேலை கொடுத்தால் கவனம் தானா வந்து உட்காருது.

பேராசிரியர் ஐயா களிமண் என்று சொன்னதும் எனக்கு மாண்டிசோரி அம்மையார் ஞாபகம் வந்தது. தெருவுக்குத் தெரு ‘மாண்டிசோரி பள்ளி’ என்று போர்டு பார்க்கிறோம். மூணு வயசுப் பிள்ளைக்கு மணிகளையும் மரக்கட்டைகளையும் கொடுத்த அம்மா என்றுதான் நமக்குத் தெரியும். இத்தாலி நாட்டு டாக்டர். 1939-ஆம் வருஷம், அறுபத்தொன்பது வயசிலே, பிரம்மஞான சபை அழைத்து நம்ம அடையாறுக்கு வந்தாங்க. வந்த இடத்திலே போர் மாட்டிக்கிட்டது. 1940-லே இத்தாலி எதிரி நாடாகிவிட்டதால், கூட வந்த மகனைப் பிரிட்டிஷ் அரசு கொஞ்ச காலம் காவலிலே வைத்தது. 1946 வரைக்கும் அந்த அம்மா இந்தியாவிலேயே இருந்தாங்க. அதிலே கொஞ்ச காலம் நம்ம கொடைக்கானலிலே. அந்த அம்மா பன்னிரண்டு வயசுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு என்ன சொன்னாங்க தெரியுமா? ‘பட்டணத்து வகுப்பறையிலே அடைக்காதீங்க. நிலத்துக்கு அழைச்சுக்கிட்டுப் போங்க. பயிர் வைக்கட்டும், விளைஞ்சதை விற்கட்டும், ஒரு கடை நடத்தட்டும், விருந்தினர் தங்கும் விடுதி நடத்தட்டும், கணக்கை அவங்களே எழுதட்டும்’ என்கிற கருத்தை எழுதி வச்சிருக்காங்க. மூணு வயசுக்குச் சொன்னதை எடுத்துக்கிட்டோம், போர்டு மாட்டிக்கிட்டோம், ஃபீஸும் வாங்கிக்கிட்டோம். பன்னிரண்டு வயசுக்குச் சொன்னதை வசதியா மறந்துட்டோம்! (கைதட்டல்)

அடுத்தது புத்தகம். எனக்குப் புத்தகத்தின் மேலே எந்தக் கோபமும் இல்லை, நடுவர் அவர்களே. நான் புத்தகப் பைத்தியம். என் கோபமெல்லாம் நோட்டின் மேலேதான். நம்ம அறிவியல் நோட்டிலே ஒரு அழகான வழக்கம் உண்டு. ‘நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, காண்பன, அறிவன.’ இங்கே இருக்கிற பாதிப் பேர் எழுதியிருப்பீங்க. நாம மூச்சு விடும்போது வெளியே வருகிற காற்றிலே கரியமில வாயு இருக்குன்னு காட்டணும். செய்முறை: தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் ஊதவும். காண்பன: சுண்ணாம்பு நீர் பால்போல் மாறுகிறது. நாற்பது நோட்டிலேயும் இதே வரி இருக்கும். கமா, முற்றுப்புள்ளி உட்பட! எங்கேம்மா பால்போல் மாறுச்சுன்னு கேட்டா, ‘போர்டிலே மிஸ்’ என்கிறாள். (சிரிப்பு) கண்ணாலே ஒண்ணையும் காணாமலே ‘காண்பன’ எழுதுகிற கலையை உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்தது நாமதாங்க! (பலத்த கைதட்டல்)

இதுக்கு என்ன செலவு? வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு சிட்டிகை. ஒரு டம்ளர் தண்ணி. கலக்கி ராத்திரி முழுக்க வச்சா அடியிலே வண்டல் தங்கிடும். மேலே தெளிஞ்ச தண்ணியை மட்டும் இறுத்துக்கணும். குளிர்பானக் குழல் ஒண்ணு. மெதுவா ஊதணும். உறிஞ்சிடக் கூடாது, சுண்ணாம்புத் தண்ணி வாயை வேக வைக்கும், அதுக்குத்தான் பக்கத்திலே டீச்சர். ஊத ஊத, கண் முன்னாலே வெள்ளை வெளேர்னு கலங்கும். வகுப்பே ‘ஓ’ன்னு கத்தும். பக்கத்து வகுப்பு ஆசிரியர் என்ன சத்தம்னு வந்து எட்டிப் பார்ப்பார். (சிரிப்பு) ஆனா விஷயம் அங்கே முடியாதுங்க. ஒரு வால் பையன் இருப்பான், நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாமல் ஊதிக்கிட்டே இருப்பான். ரொம்ப நேரம் ஊதினா வெளுத்துப் போன தண்ணி மறுபடி கொஞ்சம் கொஞ்சமா தெளிய ஆரம்பிக்கும். ‘மிஸ், தப்பாப் போச்சு’ன்னு ஓடி வருவான். தப்பில்லைடா, அது மேல் வகுப்புப் பாடம், நீயே முன்கூட்டிப் போய்த் தொட்டுட்டேன்னு நான் சொல்லணும். போர்டைப் பார்த்து எழுதின முப்பத்தொன்பது நோட்டிலே இது கிடைக்குமா?

இனிமேதான் கனமான இடத்துக்கு வர்றேன். எதிரணிச் சகோதரி ஒரு குத்து குத்தினாங்க. அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன். ‘கை வேலை, கை வேலைங்கிறீங்களே, அன்னைக்கு 1953-லே இந்த மண்ணிலே பிள்ளைகளை மூணு மணி நேரத்திலே பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பி, அப்பன் தொழிலைக் கத்துக்கோன்னு சொன்னாங்களே, அந்தக் குலக்கல்வியைத்தானே வேற பேரிலே கொண்டு வர்றீங்க’ன்னு கேட்டாங்க. இந்தக் கேள்வியை நான் சிரிச்சு மழுப்பப் போறதில்லை. தமிழ்நாட்டிலே கை வேலையைப் பத்திப் பேசுகிற யாரும் இதுக்குப் பதில் சொல்லாமல் நகரக் கூடாது. ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கிராமப்புறப் பள்ளிகளுக்கு அந்தத் திட்டம் வந்தது. பள்ளிக்கூட நேரம் மூணு மணியாகக் குறைஞ்சது. மிச்ச நேரம் குடும்பத் தொழில். பெரியார் எதிர்த்தார், தி.மு.க. எதிர்த்தது, மறியல் நடந்தது. 1954-லே காமராசர் வந்து அதைக் கைவிட்டார். சரியாகத்தான் கைவிட்டார். சவரக் கத்தி பிடிச்சவர் பிள்ளை சவரக் கத்தியே பிடிக்கணும், துணி வெளுத்தவர் பிள்ளை துணியே வெளுக்கணும் என்றால் அதுக்குப் பேர் கல்வி இல்லை. (பலத்த கைதட்டல்)

சகோதரிக்கு என் பதில் இதுதான். அந்தத் திட்டத்திலே பிள்ளையை எங்கே அனுப்பினாங்க? பள்ளிக்கூடத்துக்கு வெளியே. யார் தொழிலுக்கு? தன் அப்பா தொழிலுக்கு மட்டும். நாங்க கேட்கிறது தலைகீழ். பள்ளிக்கூட நேரத்திலே ஒரு நிமிஷம் குறையக் கூடாது. தொழிலைப் பள்ளிக்கூடத்துக்கு உள்ளே கொண்டு வாங்க. எல்லார் அப்பா தொழிலையும் எல்லார் பிள்ளையும் தொடட்டும்.

நான் வேலை பார்க்கிற பள்ளி அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளி. கடைக்காரர் மகள், பேங்க் ஊழியர் மகன், கூலி வேலை செய்கிறவங்க பிள்ளைகள், எல்லாம் கலந்து இருப்பாங்க. எட்டாம் வகுப்பிலே பிதாகரஸ் தேற்றம். கர்ணத்தின் வர்க்கம், மற்ற இரு பக்கங்களின் வர்க்கங்களின் கூடுதலுக்குச் சமம். கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பாங்க. கடைசி பெஞ்சிலே ஒரு பையன். கணக்கிலே அவன் வாங்குகிற மார்க்கைச் சொன்னா நீங்க சிரிப்பீங்க, அதனாலே சொல்லலை. அப்பா என்ன வேலைன்னு கேட்டா ‘பிசினஸ்’ என்பான். ஒரு நாள் பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர் வேலைக்குக் கொத்தனார் ஒருத்தர் வந்தார். நான் ஜன்னல் வழியாப் பார்க்கிறேன். மூலைமட்டம் பார்க்க அவர் சுவரின் ஒரு பக்கம் மூணு அடி அளந்து ஆணி வச்சார், மறுபக்கம் நாலு அடி அளந்து ஆணி வச்சார், குறுக்கே டேப்பைப் பிடிச்சார். அஞ்சு அடி வருகிற வரைக்கும் நூலை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். அஞ்சு வந்ததும் கட்டிட்டார். நான் போர்டிலே வச்சு வெளுத்து வாங்கிக்கிட்டிருக்கிற தேற்றத்தை அவர் மண்ணிலே வச்சு முடிச்சுட்டார்!

தலைமையாசிரியரைக் கேட்டு, அவரை மறுநாள் வகுப்புக்கு அழைச்சேன். மனுஷர் செருப்பை வாசலிலேயே கழட்டி வச்சுட்டார். ‘நான் என்னம்மா பேசறது’ன்னார். பேச வேண்டாம், செய்யுங்கன்னேன். நாற்பது பிள்ளைகளையும் மைதானத்திலே விட்டு, நாலு நாலு பேரா நூலும் டேப்பும் கொடுத்து மூலைமட்டம் பிடிக்க வச்சார். மூணு, நாலு, அஞ்சு. அப்புறம் ஆறு, எட்டு, பத்து. ஒரு பெண் ரெண்டு, மூணு, நாலு வச்சுப் பார்த்து ‘மூலை விரிஞ்சு போச்சு மிஸ்’ என்றாள். ஏன் விரிஞ்சுதுன்னு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நாலும் ஒன்பதும் பதிமூணு, ஆனா நாலு நாலு பதினாறு. விரியாம என்ன செய்யும்? அப்புறம் தண்ணி ஊத்தின டியூபை எடுத்து, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் மட்டம் எப்படிப் பார்க்கிறதுன்னு காட்டினார். பிள்ளைகள் அதை வச்சு எங்க வகுப்புக் கரும்பலகையை அளந்தாங்க. ஒரு பக்கம் ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. பத்தொன்பது வருஷமா சாய்ஞ்ச பலகையிலே நேர்கோடு நடத்தியிருக்கேன்! (சிரிப்பு, கைதட்டல்)

வேலை முடிஞ்சு அவர் செருப்பைப் போடும்போது கடைசி பெஞ்சுப் பையன் பக்கத்திலே வந்து நின்னான். மெதுவாச் சொன்னான்: ‘எங்கப்பாதான் மிஸ்.’

(அரங்கம் அமைதி)

அவன் இன்னிக்கு சிவில் டிப்ளமா படிக்கிறான். பேங்க் ஊழியர் மகனும் அன்னைக்கு மூலைமட்டம் பிடிச்சான், அவன் வேற ஏதோ படிக்கிறான். குலக்கல்வியிலே கொத்தனார் பிள்ளை மட்டும் மண்ணைத் தொடுவான், மற்றவன் புத்தகத்தைத் தொடுவான். எங்க வகுப்பிலே ரெண்டு பேரும் ரெண்டையும் தொட்டாங்க. இது குலக்கல்விக்கு வேற பேரா, மாற்று மருந்தா? தீர்ப்பை நடுவர் சொல்லட்டும். (நீண்ட கைதட்டல்)

காந்தியடிகள் 1937-லே வார்தாவிலே கல்வி மாநாடு கூட்டினார். ஏழு வயசிலேருந்து பதினாலு வயசு வரைக்கும் ஒரு கைத்தொழிலை நடுவிலே வச்சு எல்லாப் பாடத்தையும் சொல்லிக் கொடுக்கணும்னு சொன்னார். பின்னாலே குடியரசுத் தலைவரான ஜாகிர் உசேன்தான் அதுக்குப் பாடத்திட்டம் வகுத்த குழுவின் தலைவர். அந்தக் குழுவிலே நம்ம தஞ்சாவூர்க்காரர் ஜே.சி. குமரப்பா இருந்தார். யாழ்ப்பாணத்துத் தமிழர் ஆரியநாயகம் இருந்தார், பிறகு மனைவி ஆஷாதேவியோடு சேவாகிராமத்திலே அந்தப் பள்ளியையே நடத்தினார். நூல் நூற்கிறதிலே என்ன கணக்கு இருக்குன்னு கேட்பீங்க. நாற்பதாம் நம்பர் நூல்னு கடையிலே கேட்கிறோமே, அந்த நாற்பது என்ன? ஒரு சிட்டம்னா 840 கெஜம். நாற்பது சிட்டம் சேர்ந்தா ஒரு பவுண்டு எடை. ஆக ஒரு பவுண்டிலே 33,600 கெஜம். மைலாக்கினா பத்தொன்பது மைல்! சென்னை பீச் ஸ்டேஷனிலே ஒரு முனையைக் கட்டிட்டு ரயிலேறினா, தாம்பரம் வரைக்கும் வரும் அந்த ஒரு பவுண்டு நூல். நம்பர் கூடக்கூட நூல் ஏன் மெலியுதுன்னு இனிமே அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

ஆனா ஒண்ணு. பிள்ளைகள் செய்கிற பொருளை வித்தே பள்ளிக்கூடச் செலவைச் சரிக்கட்டலாம்னு காந்தியடிகள் நினைச்சார். அதிலே எனக்கு உடன்பாடு இல்லை. வாத்தியார் சம்பளம் பிள்ளை கையிலேருந்து வரணும்னா, பள்ளிக்கூடம் பட்டறையாகிடும். பல ஊரிலே நடந்ததும் அதுதான், தக்ளி சுத்தினாங்க, கணக்கை விட்டுட்டாங்க. நூல் வந்தது, நூலறிவு வரலை. (சிரிப்பு)

‘இதெல்லாம் பணக்காரப் பள்ளிக்கூடத்து விளையாட்டு, அரசாங்கப் பள்ளிக்கூடத்திலே நடக்குமா?’ என்று கேட்டார் எதிரணித் தலைவர். நடந்திருக்குங்க. மத்தியப் பிரதேசத்திலே ஹோஷங்காபாத்னு ஒரு மாவட்டம், இப்போ நர்மதாபுரம்னு பேரு. 1972-லே பதினாறு நடுநிலைப் பள்ளிக்கூடத்திலே ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக்கு ஆரம்பிச்சாங்க. ரெண்டு தொண்டு நிறுவனங்கள், கூடவே டெல்லிப் பல்கலைக்கழகத்திலேயும் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்திலேயும் இருந்த விஞ்ஞானிகள், கூடவே கிராமத்து வாத்தியார்கள். 1978-லே மாவட்டம் முழுக்கப் பரவியது. ‘பால வைஞானிக்’ என்று பாடநூல், அதாவது குட்டி விஞ்ஞானி. அந்தப் புத்தகத்திலே கேள்வி இருக்கும், செய்து பார்க்க வழி இருக்கும். விடை இருக்காது! விடை பிள்ளை கையிலேருந்து வரணும். நம்ம ஊரிலே அப்படி ஒரு புத்தகம் வந்தா மறுநாளே ‘விடைகளுடன்’னு கைடு வந்துடும். (சிரிப்பு, கைதட்டல்)

பூவைப் பிரிச்சுப் பார்க்க ஊசி வேணும். கடையிலே வாங்குவானேன், வேலியிலே வேலமுள் இருக்கேன்னு முள்ளையே ஊசியாக்கிட்டாங்க. அரவிந்த் குப்தான்னு ஒரு இன்ஜினீயர், கான்பூர் ஐ.ஐ.டி.யிலே படிச்சவர், லாரி கம்பெனி வேலையிலே லீவு போட்டுட்டு 1978-லே அங்கே வந்தார். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வச்சு வடிவியலையே கட்டிக் காட்டினார். சின்னத் துண்டு டியூபுக்குள்ளே ரெண்டு குச்சி முனையைச் செருகினா அதுதான் கோணம். இதோ, ஒண்ணு செஞ்சு எடுத்து வந்திருக்கேன், கேமராக்காரத் தம்பி கொஞ்சம் கிட்டே காட்டுங்க. நாலு குச்சி, சதுரம். அழுத்தறேன், சாய்ஞ்சு போச்சு. இது மூணு குச்சி, முக்கோணம். அழுத்தறேன், அசைய மாட்டேங்குது. மின்சார டவரிலேயும் ரயில் பாலத்திலேயும் ஏன் குறுக்குக் கம்பியா இருக்குன்னு இனிமே நான் சொல்லணுமா? (கைதட்டல்)

பிள்ளைகளுக்குச் சந்தேகம் வந்தா கடிதம் எழுத ‘சவாலிராம்’னு ஒரு கற்பனை மனிதரையே உண்டாக்கினாங்க, நம்ம பாஷையிலே ‘கேள்விராமன்’. கேள்விராமனுக்கு மூட்டை மூட்டையாக் கடிதம். எல்லாத்துக்கும் மேலே, பரீட்சையை மாத்தினாங்க. புத்தகத்தைத் திறந்து வச்சே எழுதலாம், ஏன்னா காப்பியடிக்க அதிலே விடையே இல்லை! கூடவே செய்முறைத் தேர்வு. முப்பது வருஷம் நடந்தது. 2002-லே மாநில அரசு நிறுத்திடுச்சு.

எதிரணி முகத்திலே ஒரு பிரகாசம் வருது, நான் பார்த்துட்டேன். (சிரிப்பு) ‘நின்னு போச்சு பார்த்தீங்களா’ன்னு எழுதி வச்சுக்கிட்டாங்க. எழுதிக்கோங்க. கூடவே இதையும் எழுதிக்கோங்க: பிள்ளைகள் கத்துக்க மாட்டேன்னு சொல்லி அது நிக்கலை. ஒரு அரசாணையாலே நின்னது. மனப்பாடப் படிப்பு எத்தனை லட்சம் பிள்ளைகளை எட்டாம் வகுப்போடு வீட்டுக்கு அனுப்பியிருக்கு! அதை நிறுத்த யாராவது ஒரு ஆணை போட்டாங்களா? (பலத்த கைதட்டல்)

அடுத்து மார்க். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, நுழைவுத் தேர்வுன்னு பெற்றோர் பயப்படுறாங்க. அந்தப் பயம் நியாயம், நானும் ஒரு தாய். அதனாலேதான் ஆறு, ஏழு, எட்டைக் கேட்கிறேன். பொதுத்தேர்வு கழுத்தைப் பிடிக்காத கடைசி மூணு வருஷம் அதுதான். அந்த மூணு வருஷத்தையும் பத்தாம் வகுப்புக்கு ஒத்திகையாக்கிட்டோம். கல்யாணத்துக்கு முன்னாலே மூணு வருஷம் மாப்பிள்ளையை மணவறையிலே உட்கார வச்சுப் பழக்குகிற மாதிரி! (சிரிப்பு)

இன்னொரு சங்கதியும் வீட்டிலே இருக்கு. செய்து பார்க்கிறதுன்னா பெண்பிள்ளைக்கு அடுப்பு, ஆண்பிள்ளைக்கு ஸ்க்ரூடிரைவர்னு பிரிச்சு வச்சிருக்கோம். எங்க பள்ளியிலே இந்த வருஷம் பையன்கள் இட்லிக்கு அரிசியும் உளுந்தும் நாலுக்கு ஒண்ணு அளந்து ஊற வச்சாங்க. மாவு ஏன் பொங்குது, மார்கழியிலே ஏன் பொங்க மாட்டேங்குதுன்னு ராத்திரி முழுக்கப் பாத்திரத்திலே கோடு போட்டு அளந்தான் ஒருத்தன். அவங்கம்மா என்கிட்டே வந்து, ‘டீச்சர், பதிமூணு வருஷத்திலே முதல் தடவையா அவன் அடுப்படிக்குச் சாப்பிடறதுக்கு இல்லாமே வந்தான்’னாங்க. (சிரிப்பு, கைதட்டல்) பெண்பிள்ளைகள் ஃபேன் ரெகுலேட்டரைக் கழட்டினாங்க. ஒரு விஷயம் சொல்லணும், திருகாணி மிச்சம் வரலை. (பெண்கள் பகுதியில் பலத்த கைதட்டல்)

நடுவர் மணி மேலே கை வச்சுட்டார். ஒரே ஒரு நிமிஷம் ஐயா. எல்லாப் பள்ளிக்கூடத்திலேயும் ஒரு பீரோ இருக்கு. அதுக்குள்ளே லென்ஸ் இருக்கு, காந்தம் இருக்கு, சோதனைக் குழாய் இருக்கு. மேலே ஒரு பூட்டு இருக்கு. ஏன் பூட்டு? உடைஞ்சா ஸ்டாக் ரிஜிஸ்டருக்கு யார் பதில் சொல்றது என்கிற பயம். ஆய்வுக்கு அதிகாரி வரும்போது பீரோ திறக்கும், எண்ணிப் பார்ப்பாங்க, எல்லாம் சரியா இருக்கும். எப்படிக் குறையும்? யார் தொட்டாங்க? இந்த அரங்கத்திலே தலைமையாசிரியர்கள் இருக்கீங்க, கல்வி அதிகாரிகளும் இருக்கீங்க. உங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கறேன். அந்த ரிஜிஸ்டரிலே இன்னும் ஒரு பத்தி கோடு போடுங்க. ‘பிள்ளைகள் செய்து பார்த்தபோது உடைந்தவை’ன்னு தலைப்பு எழுதுங்க. வருஷ முடிவிலே அந்தப் பத்தி காலியா இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு விளக்கம் கேட்டு மெமோ அனுப்புங்க. (நீண்ட கைதட்டல்)

மணி அடிச்சாச்சு.